வைட்-ஐட்: வியப்பும் வெகுளித்தனமும் கலந்த ஒரு விசேஷணம்

ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதும் அளவுக்குப் பழகிக்கொண்ட ஒருவர், அடுத்தபடியாக அதைச் சுவைபட எழுத வேண்டும் என்று ஆசைகொள்ளும்போது, முதலில் தேடிப் போவது விசேஷணங்களைத்தான். 'நைஸ்', 'குட்', 'வொண்டர்ஃபுல்' என்று எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னும் தயக்கமின்றி வந்து நின்றுகொள்ளும் பொதுச் சொற்களால் இனிக் காரியம் நடவாது என்பதும், படிப்பவர் மனத்தில் ஓர் உருவத்தை எழுப்பவல்ல சொற்களே எழுத்துக்கு உயிர் தருகின்றன என்பதும் அவருக்கு நாளடைவில் புலப்பட்டுவிடுகின்றன. அத்தகைய சொல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பு, பொருள், வாக்கியத்தில் அது அமரும் இடம், அதை வழங்குவதில் நேரும் பிழைகள் ஆகியவற்றை இந்த அத்தியாயத்தில் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 'வைட்-ஐட்' என்பதே அந்தச் சொல்.

அகராதியைப் புரட்டினால் இதற்கு இரண்டு பொருள்கள் காணப்படும். வியப்பாலோ அச்சத்தாலோ கண்கள் அகல விரிந்த நிலையிலுள்ள என்பது ஒன்று. உலக அநுபவம் இல்லாத, எதையும் எளிதில் நம்பிவிடுகிற என்பது மற்றொன்று. முன்னது முகத்தைப் பற்றியது; பின்னது மனத்தைப் பற்றியது. முகத்தைப் பற்றி வரும்போது இச்சொல் பெரும்பாலும் வாத்ஸல்யத்தோடு சொல்லப்படுகிறது. மனத்தைப் பற்றி வரும்போது அதில் ஓர் எச்சரிக்கையோ, இரக்கமோ, சில சமயம் இகழ்ச்சியோ கலந்துவிடுகிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை அகராதி சொல்லித் தராது. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லும் பேசுகிறவருடைய நோக்கமுமே அதை நிர்ணயிக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மாணவர் மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டால் மற்றவை தாமே வசப்படும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சொல்லின் அமைப்பு. 'வைட்' என்பது அகன்ற என்னும் விசேஷணம்; 'ஐ' என்பது கண். இவற்றின் இறுதியில் ஈ, டி என்னும் இரண்டு எழுத்துகளாலான விகுதி சேர்ந்திருக்கிறது. அந்த விகுதியைக் கண்டதும், இது ஏதோ ஒரு வினையின் இறந்தகால வடிவம் போலும் என்று பலர் மயங்குகிறார்கள். அப்படி அன்று. பெயர்ச்சொல்லோடு சேரும்போது அந்த விகுதிக்கு 'அதனை உடைய' என்பதே பொருள். நீலக் கண்ணுடையவரை 'ப்ளூ-ஐட்' என்பதும், இரக்கமுள்ள நெஞ்சுடையவரை 'கைண்ட்-ஹார்ட்டட்' என்பதும், இடக்கைப் பழக்கமுடையவரை 'லெஃப்ட்-ஹேண்டட்' என்பதும், தாடி வைத்தவரை 'பியர்டட்' என்பதும் இந்த வழியில் பிறந்தவையே. வடமொழி இலக்கணம் பயின்றவர்களுக்கு இது பஹுவ்ரீஹி சமாசம் என்று சொன்னால் ஒரு நொடியில் விளங்கிவிடும். காசியில் கோயில் கொண்டிருக்கும் விசாலாக்ஷியின் திருநாமம் சொல்லுக்குச் சொல் இதே அமைப்பை உடையது: விசாலம் அகலம், அக்ஷி கண், இரண்டும் சேர்ந்து, அகன்ற கண்களை உடையவள்.

ஆயினும் ஒரு வித்தியாசத்தை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. விசாலாக்ஷி என்பது என்றும் நீங்காத அழகைச் சொல்லும் பெயர். 'வைட்-ஐட்' அழகைச் சொல்வதில்லை. ஒரு கணத்தில் முகத்தில் தோன்றி மறையும் பாவத்தையோ, அநுபவம் வந்ததும் நீங்கிவிடக்கூடிய ஒரு மனப்பான்மையையோ சொல்கிறது. ஆகையால், இயற்கையிலேயே பெரிய கண்களை உடைய ஒரு பெண்ணை வருணிக்க விரும்புகிறவர், 'ஷி இஸ் வைட்-ஐட்' என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் அவள் எதையோ கண்டு திகைத்து நிற்கிறாள் என்றுதான் எண்ணுவார். அவளுடைய அழகைச் சொல்வதற்கு 'ஷி ஹாஸ் லார்ஜ் ஐஸ்' என்னும் எளிய வாக்கியமே போதும்.

பெயர்ச்சொல்லோடு இந்த விகுதியைச் சேர்த்து விசேஷணம் ஆக்கும் வழக்கத்தை, ஆங்கிலத்தின் முதற்பெரும் அகராதியாசிரியர்களுள் ஒருவரான சாமுவேல் ஜான்சனே விரும்பவில்லை என்பது சுவாரசியமான செய்தி. கவிஞர்களின் சரித்திரத்தை எழுதுகையில், தாமஸ் கிரே என்னும் கல்வியிற் சிறந்த கவிஞர் வசந்தத்தைத் தேனுடைய வசந்தம் என்னும் பொருள்பட 'ஹனீட்' என்ற சொல்லால் வருணித்ததைக் கண்டு அவர் வருந்தினார். ஆனால் ஷேக்ஸ்பியர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சொல்லைக் கையாண்டிருந்தார். இலக்கண பண்டிதர்களின் வருத்தத்தால் இந்த வழக்கம் நின்றுவிடவும் இல்லை. இன்று நாள்தோறும் புதிது புதிதாக இத்தகைய தொகைச் சொற்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

இனி, வியப்பைக் குறிக்கும் முதற்பொருள். 1872ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின், மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சிகள் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதை எழுதுவதற்காக உலகின் பல பாகங்களில் வாழ்ந்தவர்களுக்கு அவர் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தார். இலங்கையிலிருந்தும் அவருக்கு விடைகள் சென்றன. அந்தத் தாளின் முதற்கேள்வியே வியப்பைப் பற்றியது: கண்ணும் வாயும் அகலத் திறப்பதாலும் புருவங்கள் உயர்வதாலும் ஆச்சரியம் வெளிப்படுகிறதா என்பது. எதிர்பாராத ஒன்று கண்முன் வந்து நிற்கும்போது, அதை விரைவாகவும் முழுமையாகவும் பார்த்துவிட வேண்டும் என்ற முனைப்பில் புருவம் மேலெழுகிறது, இமை உயர்கிறது, கருவிழியைச் சுற்றிலும் வெண்மை தெரிகிறது. தேசத்துக்குத் தேசம் பாஷையும் பழக்கமும் மாறினாலும் இந்தக் கோலம் மாறுவதில்லை. 'வைட்-ஐட்' என்ற சொல்லை உணர்ந்து எழுத ஆங்கில நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லாததற்கு இதுவே காரணம். அந்தச் சொல் குறிக்கும் முகத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை, பட்டணத்துப் பழைய ஜனங்கள் செத்த காலேஜ் என்று வழங்குவார்கள். அங்கே வைக்கப்பட்டுள்ள திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் அருகே ஒரு விடுமுறை நாளில் சிறிது நேரம் நின்றால், இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய உதாரணம் தானே நடந்து வரும். தாயின் புடைவைத் தலைப்பை ஒரு கையில் பற்றியபடி வரும் ஐந்து வயதுப் பையன் அந்த விலா எலும்புகளைக் கண்டதும் நின்றுவிடுகிறான். பற்றியிருந்த தலைப்பு கையிலிருந்து நழுவுகிறது. கழுத்து பின்னால் சாய்கிறது. வாய் சற்றே திறக்கிறது. வா, நேரமாகிறது என்று தாய் இரண்டு தரம் அழைப்பது அவன் காதில் விழவே இல்லை. அவனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'தி பாய் வாஸ் வெரி மச் சர்ப்ரைஸ்டு' என்று எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும். பையன் மட்டும் அதில் இருக்கமாட்டான். 'தி பாய் ஸ்டேர்டு வைட்-ஐட் அட் தி ஸ்கெலிட்டன்' என்று எழுதிப் பாருங்கள். வியப்பு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. ஆனால் வியப்பு இருக்கிறது.

மேற்கண்ட வாக்கியத்தில் இந்த விசேஷணம் அமர்ந்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இச்சொல் பெயருக்கு முன்னே வரலாம்: 'எ வைட்-ஐட் சைல்ட்'. 'இஸ்', 'வாஸ்' போன்ற வினைகளுக்குப் பின்னே வரலாம்: 'தி சைல்ட் வாஸ் வைட்-ஐட்'. இவ்விரண்டும் பெரும்பாலான விசேஷணங்களுக்குப் பொதுவானவை. சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. மூன்றாவது இடம்தான் இதற்குச் சிறப்பாக உரியது. 'ஸ்டேர்', 'வாட்ச்', 'லிஸன்', 'ஸ்டாண்ட்' போன்ற முழு வினைகளுக்குப் பின்னே, எழுவாயின் நிலையைச் சொல்லிக்கொண்டு இது தனித்து நிற்கும். தமிழில் 'கண் அகலக் கேட்டான்', 'விழி விரியப் பார்த்தாள்' என்று வினையெச்சத்தால் நாம் சொல்வதை, ஆங்கிலம் இங்கே விசேஷணத்தாலேயே சொல்லிவிடுகிறது. வினையை அடுத்து நிற்பதால் இதோடு 'லி' சேர்த்துக் கிரியா விசேஷணமாக்க வேண்டும் என்று எண்ணி 'வைட்-ஐட்லி' என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த வடிவம் வழக்கில் இல்லை. 'தி சில்ட்ரன் வாட்ச்டு, வைட்-ஐட், ஆஸ் தி எலிஃபன்ட் நெல்ட்' என்று வாக்கியத்தின் நடுவில் வைக்கும்போது இருபுறமும் காற்புள்ளி இடுவது வழக்கம். யானை மண்டியிடுவதற்கு முன்பு, குழந்தைகளின் முகத்தில் ஒரு கணம் நம் பார்வையை நிறுத்துவதற்காகவே அந்தக் காற்புள்ளிகள்.

வியப்பைப் போலவே அச்சமும் கண்ணை விரியச் செய்வது. ஆகையால் கண் விரிந்த காரணம் எது என்பதைச் சந்தர்ப்பம் தெளிவாகக் காட்டாத இடங்களில், 'வித்' என்னும் சொல்லை இட்டுக் காரணத்தையும் உடன் சொல்லிவிட வேண்டும்: 'வைட்-ஐட் வித் வொண்டர்' என்றால் வியப்பால், 'வைட்-ஐட் வித் டெரர்' என்றால் பெரும் பயத்தால். இடி முழங்கும் இரவில் தொழுவத்துக் கன்று இரண்டாவது வகை. திமிங்கிலத்தின் முன் நின்ற பையன் முதல் வகை. எதைக் கண்டு என்று சொல்ல விரும்பினால் 'அட்' வரும்: 'வைட்-ஐட் அட் தி சைட் ஆஃப் தி ஸீ'. இவ்விரண்டு இடைச்சொற்களும் இடம் மாறினால் வாக்கியம் கெடும். உணர்ச்சிக்கு 'வித்', உணர்ச்சியைத் தூண்டிய பொருளுக்கு 'அட்' என்று நினைவில் வைக்கலாம்.

காரணத்தைச் சொல்லுவது பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த விசேஷணம் சோபிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கண் விரிந்ததைச் சொல்கிறார்கள், அது விரியத்தக்க பொருளைக் காட்டுவதில்லை. இங்கே நமக்குத் தொல்காப்பியம் உதவி செய்கிறது. மெய்ப்பாட்டியலில் வியப்புக்கு மருட்கை என்று பெயரிட்டு, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்பால் பிறப்பது என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். கடலை முதன்முதலாகக் காண்பது புதுமை, திமிங்கிலம் பெருமை. ஒரு கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, மயிரிழை போன்ற சுருள்வில் விரிந்து சுருங்குவதைக் காட்டினால் அது சிறுமையால் வந்த வியப்பு. கூட்டுக்குள் போன கம்பளிப்பூச்சி வண்ணத்துப்பூச்சியாக வெளிவருவது ஆக்கம், அதாவது ஒன்று மற்றொன்றாதல். 'வைட்-ஐட்' என்று எழுதுவதற்கு முன் இந்த நான்கில் எது அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதை ஒரு சொல்லாலாவது வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், விசேஷணம் வெறும் அலங்காரமாக நின்றுவிடாது. வேறொரு மொழிக்கு எழுதப்பட்ட இலக்கணம் ஆங்கில வாக்கியத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரேனும் ஐயுற்றால், வியப்பு ஒரு மொழிக்கு உரியது அன்று என்பதே என் விடை.

இப்போது இரண்டாம் பொருளுக்கு வருவோம். கண் விரியப் பார்க்கும் குழந்தை, தான் பார்ப்பதை அப்படியே நம்பவும் செய்கிறது. வியப்பதும் நம்புவதும் குழந்தையிடத்தில் ஒன்றாகவே இருப்பதால், வியப்புக்கு ஏற்பட்ட சொல் நாளடைவில் எளிதில் நம்பும் குணத்துக்கும் பெயராக நின்றது. இவ்விரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்து நிற்பதைக் காண விரும்புகிறவர், ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தை ஒரு முறை படிக்க வேண்டும். 1611இல் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்ட அந்த நாடகத்தின் நாயகி மிராண்டா மூன்று வயதுக்கும் நிரம்பாத பருவத்தில் தன் தந்தையோடு ஒரு தீவில் ஒதுங்கியவள். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தந்தையையும் விகார உருவம் கொண்ட ஓர் ஏவலாளனையும் தவிர வேறு மனித முகத்தை அறியாதவள். அவளுடைய பெயரே லத்தீனில் வியக்கத்தக்கவள் என்று பொருள்படுவது. நாடகத்தின் இறுதிக் காட்சியில், புயலில் அகப்பட்டுக் கரையேறிய அரசர்களும் பிரபுக்களும் ஒருங்கே அவள் கண்முன் நிற்கிறார்கள். மனித இனம் இத்தனை அழகுடையதா என்று அவள் மெய்ம்மறந்து போகிறாள். அவள் அவ்வாறு வியந்து பார்க்கும் கூட்டத்தில், அவளுடைய தந்தையின் நாட்டைப் பறித்து, அவரையும் கைக்குழந்தையாகிய அவளையும் உளுத்த படகில் ஏற்றிக் கடலில் விட்ட சித்தப்பன் நிற்கிறான். உறங்கும் அரசனைக் கொல்லத் துணிந்த, அந்த அரசனுடைய தம்பியும் நிற்கிறான். உனக்கு இது புதிது என்ற கருத்தைச் சில சொற்களில் தந்தை சொல்லி நிறுத்திக்கொள்கிறார். மகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க அவருக்கு மனம் இல்லை. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளவும் முடியவில்லை.

மிராண்டாவை 'வைட்-ஐட்' என்று நாம் சொன்னால், மகளின் பக்கம் நின்று சொல்கிறோமா, தந்தையின் பக்கம் நின்று சொல்கிறோமா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். மகளின் பக்கம் நின்றால் அது வியப்பு. தந்தையின் பக்கம் நின்றால் அது அறியாமை. ஆகவே இந்தச் சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் நாம் யாருடைய பக்கத்தில் நிற்கிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தீர்மானத்தைப் படிப்பவருக்குத் தெரிவிப்பது பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்லின் வேலை. 'சைல்ட்', 'பாய்', 'வொண்டர்', 'கேஸ்', 'ஸ்டேர்' என்பன பக்கத்தில் வந்தால் கண்ணும் முகமும் முன்னே வரும், பொருள் வியப்பு. 'ஐடியலிஸ்ட்', 'ஆப்டிமிஸம்', 'பிலீஃப்', 'இன்வெஸ்டர்' என்பன வந்தால் கண் மறைந்து மனம் முன்னே வரும். பொருள் ஏமாறத்தக்க எளிமை. 'வைட்-ஐட் ஆப்டிமிஸம்' என்ற தொடரைக் கேட்டதும், அந்த நம்பிக்கை நிறைவேறப் போவதில்லை என்று பேசுகிறவர் எண்ணுவது தெரிந்துவிடுகிறது. வேறு விளக்கம் வேண்டியதில்லை. மாதம் தவறாமல் கொள்ளை வட்டி தருவதாக இனிக்க இனிக்கப் பேசும் ஏஜெண்டிடம், ரசீதைக்கூடக் கூர்ந்து பாராமல் ஓய்வூதியப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடும் ஒருவரைப் பத்திரிகை 'எ வைட்-ஐட் இன்வெஸ்டர்' என்று எழுதினால், அவர் கண்கள் அப்போது அகன்றிருந்தனவா என்று எவரும் கேட்கமாட்டார். கிரஹாம் கிரீன் 1955இல் வெளியிட்ட 'தி கொயட் அமெரிக்கன்' நாவலில் வரும் பைல் என்னும் இளைஞனும் இந்த இரண்டாம் பொருளுக்கே உரியவன். புத்தகத்தில் படித்த சித்தாந்தத்தைச் சுமந்துகொண்டு சைகோனுக்கு வந்து, நன்மை செய்வதாகவே முழுமனத்தோடு நம்பிக்கொண்டு, நடுத்தெருவில் ஜனங்கள் மடிவதற்குக் காரணமாகிறான். அவன் தீயவன் அல்லன். அதுதான் அவனிடத்தில் அஞ்சத்தக்கது. இப்படிப்பட்டவனுக்கு இந்த விசேஷணத்தைச் சூட்டும்போது அதில் வாத்ஸல்யம் ஒரு துளியும் இராது.

இதிலிருந்து ஒரு மரியாதை விதியும் கிடைக்கிறது. பெரியவர்களையும் ஆசிரியர்களையும் நமக்கு உபகாரம் செய்தவர்களையும் பற்றி எழுதும்போது இச்சொல்லைத் தவிர்ப்பதே தகும். 'அவர் புதுமைகளை ஆர்வத்தோடு வரவேற்றார்' என்ற கருத்தில் ஒரு பேராசிரியரை 'வைட்-ஐட்' என்று பாராட்டினால், அவரை விவரம் போதாதவர் என்று சொன்னதாக முடியும். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற இளைஞர் தம்மையே இச்சொல்லால் வருணித்துக்கொள்வதும் கூடாது. ஆவலுடையவர் என்று காட்ட 'ஈகர்', 'கீன்' ஆகிய சொற்கள் இருக்கின்றன.

இனி, எல்லாவற்றையும்விட அதிகமாகத் தடுமாற வைக்கும் ஓர் இடம். 'வித் ஐஸ் ஓப்பன்', 'வித் ஐஸ் வைட் ஓப்பன்' என்னும் தொடர்களில் இதே கண்ணும் இதே அகலமும் இருக்கின்றன. பொருளோ நேர் எதிரானது. ஒருவர் ஒரு காரியத்தில் 'வித் ஹிஸ் ஐஸ் ஓப்பன்' இறங்கினார் என்றால், அதன் நன்மை தீமைகளையும் கஷ்டநஷ்டங்களையும் நன்றாக அறிந்தே இறங்கினார் என்று அர்த்தம். அதே மனிதரைக் குறித்து அவர் 'வைட்-ஐட்' ஆக இறங்கினார் என்றால், ஒன்றும் அறியாமல் இறங்கினார் என்று அர்த்தம். திறந்த கண் அறிவுக்கும், விரிந்த கண் அறியாமைக்கும் அடையாளமாக வழங்குவது ஆங்கிலத்தின் மரபு. அதற்குக் காரணம் தேடுவதைவிட வழக்கைப் பின்பற்றுவது உத்தமம். இன்னும் ஒன்று: 'வைட்-அவேக்' என்பது முழு விழிப்போடு இருப்பது, அதுவும் இதற்கு உறவு அன்று.

சிறு பிழைகள் சில உள்ளன. அவற்றை வேகமாகவே கடந்துவிடலாம். 'ஹெர் ஐஸ் வேர் வைட்-ஐட்' என்று எழுதக் கூடாது. கண்ணுக்குக் கண் இருப்பதாகச் சொன்னது போல ஆகிவிடும். 'ஹெர் ஐஸ் வேர் வைட்' என்பதே முறை. பன்மையில் 'வைட்-ஐஸ் சில்ட்ரன்' என்று மாற்றுவதும் தவறு; குழந்தைகள் எத்தனை பேரானாலும் விசேஷணம் மாறாது. இடையில் வரும் சிறு கோட்டை விடக் கூடாது. ஒப்பிடும்போது 'மோர் வைட்-ஐட்' என்று முன்னே சொல் சேர்ப்பதே வழக்கம். 'வெரி' சேர்ப்பதற்குத் தேவை அநேகமாக எழாது, அகலம் என்ற அளவு சொல்லுக்குள்ளேயே இருப்பதால்.

உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். தமிழில் 'வைட்-ஐட்' என்று எழுதினாலும், இரண்டு இடத்திலும் வரும் டகரம் 'பட்டு' என்பதில் வருவது போல வல்லென்று ஒலிக்காமல், 'நாடி' என்பதில் வருவது போல மெலிந்து ஒலிக்க வேண்டும். முதலெழுத்துக்குக் கீழுதட்டைப் பல்லில் வைக்காமல், இரு உதடுகளையும் குவித்துத் திறக்க வேண்டும். இறுதியில் உகரம் சேர்த்து 'வைடு ஐடு' என்று நீட்டுவது நம் நாவின் இயல்பு, முயன்று விலக்கத்தக்கது. பெயருக்கு முன்னே வரும்போது அழுத்தம் பெரும்பாலும் 'வைட்' மீதும், வாக்கியத்தின் இறுதியில் வரும்போது 'ஐட்' மீதும் விழும்.

இந்தச் சொல்லுக்கு உறவினர் பலர் உண்டு. 'ஸ்டாரி-ஐட்' என்பவன் வருங்காலத்தைப் பற்றிய கனவில் மிதப்பவன். கண்ணெதிரே ஒரு பொருள் இருக்க வேண்டியதில்லை. 'டோ-ஐட்' என்பது நம் கவிகள் மான்விழி என்று பாடியதற்கு மிக அருகில் வருவது. பெரும்பாலும் பெண்களுக்கே வழங்குவது. முகத்தின் இயல்பான அமைப்பைச் சொல்வது. 'ட்யூயி-ஐட்' என்பதில் உருக்கமும் கண்ணீரின் ஈரமும் உண்டு. 'பாப்-ஐட்' என்பது விழி பிதுங்கிய தோற்றம். அன்புக்கு உரிய இடத்தில் அதை வைக்கலாகாது. கண்ணைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்ல 'நைவ்', 'இன்ஜெனுவஸ்' ஆகியவை இருக்கின்றன. பின்னதை, 'இன்ஜீனியஸ்' என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டும். 'இன்ஜெனுவஸ்' என்றால் சூது அறியாதவர். 'இன்ஜீனியஸ்' என்றால் புதிது புதிதாக யோசிக்கும் புத்திக்கூர்மை மிக்கவர். ஓரெழுத்து வித்தியாசத்தில் பாராட்டு தலைகீழாகிவிடுகிறது. 'சைல்ட்லைக்' குழந்தையின் நல்ல குணங்களைச் சொல்வது. 'சைல்டிஷ்' வயதுக்குத் தகாத சிறுபிள்ளைத்தனத்தைச் சொல்வது.

'இன்னசென்ட்' என்ற சொல்லைப் பற்றித் தனியே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பேச்சில் 'அவன் ரொம்ப இன்னசென்ட்' என்று சொல்கிறோம். ஒன்றும் தெரியாத சாது என்பது கருத்து. ஆனால் 'ஹி இஸ் இன்னசென்ட்' என்று மட்டும் ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால், என்ன குற்றம் சுமத்தப்பட்டது என்றே அவர் கேட்கக்கூடும். அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் வழங்கும் பொருளே முதலில் அவர் நினைவுக்கு வரும். சாது என்று சொல்ல விரும்பும் இடத்தில் 'எ வைட்-ஐட் இன்னசென்ட்' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஐயத்துக்கு இடமில்லை. அங்கே 'இன்னசென்ட்' பெயர்ச்சொல்லாக நிற்கிறது. சொற்கள் இவ்வாறு பொருள் பெயர்ந்து வழங்குவது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாகச் சொன்ன வெகுளி கோபத்தின் பெயர். வள்ளுவர் வெகுளாமை என்று அதிகாரம் வகுத்ததும் கோபம் கொள்ளாமையைப் பற்றியே. இன்று வெகுளி என்றால் சூதுவாது அறியாதவர். பழைய உரைகளைப் படிக்கும்போது நாம் காட்டும் எச்சரிக்கையை ஆங்கிலச் சொற்களிடத்தும் காட்டினால் போதும்.

முடிவாக, மாணவர்கள் தாமே முயன்று பார்ப்பதற்குச் சில வாக்கியங்கள் தருகிறேன். விடையைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நன்று.

'முதன்முறையாகக் கடலைக் கண்ட அந்தக் கிராமத்துச் சிறுவன் கண் அகல மணலில் நின்றான்.' இதற்கு 'சீயிங் தி ஸீ ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம், தி வில்லேஜ் பாய் ஸ்டுட் வைட்-ஐட் ஆன் தி ஸாண்ட்' என்று எழுதலாம். வியப்பின் காரணம், அதாவது புதுமை, வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால் 'வித் வொண்டர்' என்று சேர்ப்பது மிகை.

'பாட்டி பேய்க்கதை சொல்லி முடிக்கும் வரை குழந்தைகள் விழி விரியக் கேட்டன.' இங்கே 'தி சில்ட்ரன் லிஸன்டு வைட்-ஐட் டில் கிராண்ட்மதர் ஃபினிஷ்டு ஹெர் கோஸ்ட் ஸ்டோரி' என்று வரும். வியப்பா, அச்சமா என்று பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. பேய்க்கதை கேட்கும் குழந்தைக்கு இரண்டும் உண்டு, இந்தச் சொல்லும் இரண்டுக்கும் இடம் தருகிறது.

'நான் ஒன்றும் தெரியாத பிள்ளை அல்ல; எல்லாவற்றையும் அறிந்தே பத்திரத்தில் கையெழுத்திட்டேன்.' இது சற்றுக் கடினம். 'ஐ ஆம் நோ வைட்-ஐட் இன்னசென்ட். ஐ ஸைன்டு தி டீட் வித் மை ஐஸ் ஓப்பன்.' விரிந்த கண்ணும் திறந்த கண்ணும் அடுத்தடுத்த வாக்கியங்களில் எதிரெதிரே வந்து நிற்பதைக் காணலாம்.

'வயலில் நின்றிருந்த தாத்தா, தலைக்குமேல் பறந்த விமானத்தை வியப்போடு பார்த்தார்.' இதில் 'வைட்-ஐட்' என்று எழுதினால் இலக்கணப் பிழை ஆகாது. ஆயினும் அந்தப் பெரியவரைக் குழந்தையாக்கிக் காட்டுவது எழுதுகிறவருடைய நோக்கம் அல்லவாகையால், 'கிராண்ட்ஃபாதர், ஸ்டாண்டிங் இன் த ஃபீல்ட், வாட்ச்டு தி ஏரோப்ளேன் இன் சைலன்ட் வொண்டர்' என்று எழுதி, விசேஷணத்தை விட்டுவிடுவதே சரி.